சங்கத்தில் தமிழ் கேட்ட சொர்ணலதா

எங்கள் வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வராது. நான் சிவகுமார், சொந்த ஊர் கொள்ளேகால், மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்குப் பார்க்கிறேன். எனக்குத் தமிழ். என் மனைவி சொர்ணலதாவுக்குத் தெருவில் கற்ற கன்னடம்தான் முதலில் வரும். தமிழ் அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். என் மாமியார் லிங்கம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவருக்குக் கைதான் பேச்சு. அதுவும் இப்போது பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருகிற சைகை மொழி இல்லை. கொள்ளேகாலுக்கு அப்பால் மார்டள்ளி கிராமத்தில் அவர் வீட்டார் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. அதை முழுதாகப் புரிந்துகொள்கிற ஆள் இந்த மைசூரில் சொர்ணலதா ஒருத்திதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குச் சாப்பாடு, தண்ணீர், கரண்ட் போய்விட்டது என்கிற அளவுக்கு மேல் அது ஏறவில்லை.

சொர்ணலதாவின் அப்பாவுக்கும் காது கேட்காது. கட்டட வேலைக்கென்று குடும்பத்தோடு மைசூருக்கு வந்தவர், இவள் சிறு பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அதனால் பால் பூத், ரேஷன் கடை, வீட்டுக்காரர் என்று எல்லா இடத்திலும் அம்மாவுக்கு இவள்தான் வாய். பேச்சை இவள் குழாயடியில் கற்றாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம். இரண்டும் ஒரே மொழி என்றுதான் பள்ளிக்கூடம் போகிறவரை நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

என் மாமியாருக்கு வாய் இல்லையே தவிர கோபத்துக்குக் குறைவில்லை. காய்கறிக்காரன் எடையில் கை வைத்தால் அவனுடைய மூன்று தலைமுறையையும் கையாலேயே இழுத்துவிடுவார். பக்கத்தில் நிற்கிற சின்னப் பெண் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா ஸ்வல்ப பார்த்துப் போடச் சொல்றாங்க அண்ணா" என்று முடித்துவிடுவாள். மண்டி மொஹல்லாவிலேயே பொறுமையான பெண்மணி லிங்கம்மாதான் என்று பல வருஷம் பேர் இருந்தது. நான் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படித்தான் சொன்னார்கள். நம்பிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சொர்ணலதா ஊதுபத்தி பேக்கிங் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வங்கியில் காது கேளாத ஒரு தம்பதி தவித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உதவப் போனாள். அவர்கள்தான் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான சைகை மொழியை முறையாகப் படித்தாள். அதோடு தொழிலின் கட்டுப்பாடுகளையும் படித்தாள். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே 'நான்' என்று பேச வேண்டும். வேலையில் இருக்கும்போது தன் கருத்தென்று எதையும் சொல்லக்கூடாது. இந்த மூன்றையும் விரதம் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குத்தான் தலை சுற்றியது. ஒருமுறை அவளைக் காவல் நிலையத்தில் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே காது கேளாத ஒருவர் புகார் கொடுக்க வந்திருந்தார். அவருக்காகச் சொர்ணலதா உரக்கச் சொன்னாள், 'என் பெண்டாட்டி நகையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்' என்று. புதிதாக வந்த கான்ஸ்டபிள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் டீ குடித்தேன். இன்னொரு பக்கம் மாமியாரின் வசவுகள் இப்போது முழுசாக, ஒன்று விடாமல், சுத்தமான கன்னடத்தில் காய்கறிக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தன. பாவம், வயசானதும் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அவன் என்னிடம் தனியாக விசாரித்தான்.

சங்கத்தில் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து வருகிற நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவர் கௌரம்மா. அவர் மகளுக்குக் காது கேட்காது. மகளோடு பேசிப் பேசியே கை மொழி கற்றவர், ஊரில் யாருக்கு அவசரமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான்கு பேருக்கும் தமிழ்தான். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குக் கன்னடம் உண்டு. சங்கக் கூட்டமோ முழுக்கக் கன்னடம், நடுநடுவே இங்கிலீஷ். விடியலில் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, மைசூர் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் கை தூக்கும்போது கை தூக்கிவிட்டுத் திரும்பிப் போவார்கள். எதற்குத் தூக்கினோம் என்று பஸ்ஸில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம்.

இதைப் பார்த்துச் சொர்ணலதாவுக்குப் பொறுக்கவில்லை. மொழி புரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பதுதானே நம் தொழில், நம் கூட்டத்திலேயே நான்கு பேர் ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று சங்கத் தலைவி நிர்மலாவிடம் கேட்டாள். நிர்மலா நல்லவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, எதையும் முறைப்படி செய்கிறவர். அவர் நெட்டில் தேடிப் பார்த்தார். அமெரிக்காவில் இதேபோல ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஸ்பானிஷ் மொழியில் எல்லாம் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறதாம். அதைப் படித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்பானிஷ் முறையில் நாமும் செய்வோம் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார், அதையும் கன்னடத்தில்.

மறுநாள் காலையில் கௌரம்மா போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"ஏனுங், ஸ்பானிசுன்னு என்னமோ போட்டிருக்குதாமா. அதையும் படிச்சுப்போட்டுத்தான் நாங்க வரோணுமா? கன்னடமே இங்க அரைகுறையாக் கெடக்குது."

ஸ்பானிஷுக்கும் மார்டள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் விளங்கவில்லை. போனைச் சொர்ணலதாவிடம் கொடுத்துவிட்டேன். ஸ்பானிஷ் இல்லை, தமிழ்தான் என்று அவருக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு டம்ளர் காபி ஆறிப்போகும் நேரம் பிடித்தது.

இதே நேரத்தில் வீட்டில் வேறு கவலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் மாமியாருக்குச் சில மாதங்களாக வயிற்றுவலி. தெருமுனைக் கிளினிக்கில் வாயு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி சங்கத்தோடு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. காது கேளாதவர் வந்தால் சங்கம் அனுப்புகிற ஆள் சொல்வதைத்தான் டாக்டர் எழுதிக்கொள்வார். சங்கத்தின் ஆளாகச் சொர்ணலதாவே அம்மாவுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அதுவரை சிக்கல் இல்லை.

அப்போது பார்த்துச் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது, வேறு ஆளைத்தான் அனுப்ப வேண்டும் என்று. பெரிய ஊர்களிலெல்லாம் அப்படித்தானாம். பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரி வியாழக்கிழமை. தீர்மானம் நிறைவேறினால் என் மாமியார் பக்கத்தில் சொர்ணலதா மகளாக உட்காரலாம், வாயாக இருக்க முடியாது.

"அம்மாவோட கை யாருக்குங்க புரியும்? வலின்னு சொன்னா பசின்னு சொல்லிடுவாங்க" என்றாள் சொர்ணலதா. "எனக்கு வேற எதுவும் வேண்டாம். அன்னிக்கு அம்மா பக்கத்துல நான் நிக்கணும், அவ்வளவுதான்."

அந்த வாரம் முழுக்கக் கூட்டத்தில் பேசப்போவதைச் சமையலறையில் ஒத்திகை பார்த்தாள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கை மாறும். பொதுமொழி தெரியாத வயசானவர்களுக்கு வீட்டு ஆளைத் தவிர யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவள் வாதம். சட்டுவத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பேசியதைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மாமியார் நடுவில் வந்து, இவள் யாரோடு சண்டை போடுகிறாள் என்று முகத்தாலேயே என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த நாலு சைகையில் அதற்கு விடை இல்லை. கரண்ட் போய்விட்டது என்று காட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனோம். காது கேளாதவர்களும் வந்து பார்க்கலாம் என்பது வழக்கம். அவர்களுக்காகச் சக்தி என்கிற இளம்பெண் மேடை ஓரத்தில் நின்று சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழுக்கென்று நிர்மலா ஏற்பாடு செய்திருந்த ஆள் உதயகுமார். சங்கம் முழுக்க மொழிபெயர்ப்பாளர்கள்தான், ஆனால் கன்னடமும் தமிழும் மொழிபெயர்க்கிற அளவுக்கு வருகிறவள் சொர்ணலதா ஒருத்தி. அவள் பேச வேண்டியவள் என்பதால் வெளியிலிருந்து ஆளைப் பிடித்தார்கள். உதயகுமார் அரண்மனையில் தமிழ்நாட்டு டூரிஸ்டுகளைச் சுற்றிக் காட்டுகிற கைடு. இரண்டு மொழியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நிர்மலா வரவு செலவைப் பற்றி நீளமாகப் பேசினார். உதயகுமார் மார்டள்ளிக்காரர்கள் பக்கம் திரும்பி, "கணக்கு சொல்றாங்க. எல்லாம் சரியா இருக்காம்" என்றார். பிறகு இரண்டு உறுப்பினர்கள் எழுந்து காரசாரமாக மோதிக்கொண்டார்கள். "சின்ன மனஸ்தாபம். உங்களுக்கு அது வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருக்க அவருக்கு முடியவில்லை போல. "அப்படியே மேலே பாருங்க, இந்த உத்தரம் ஒரே தேக்கு மரத்துல செஞ்சது" என்று ஆரம்பித்தார். நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கௌரம்மா எழுந்து நின்றார். "ஏனுங் தம்பி, அவிக இத்தனை நேரம் பேசுனதுக்கு நீங்க ஒத்த வரி சொல்றீங்களே. மிச்சமெல்லாம் எங்க போச்சுங்?"

"முக்கியமானதை மட்டும் சொல்றேம்மா."

"எது முக்கியம்னு நாங்க பார்த்துக்கறோமுங். நீங்க எல்லாத்தையும் சொல்லுங்."

கூட்டம் நின்றது. நிர்மலா இறங்கி வந்தார். உதயகுமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த வேலைக்கு என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்து எடுக்க வேண்டியது அந்தத் தீர்மானம். எல்லோருடைய பார்வையும் சொர்ணலதாவிடம் போனது.

நிர்மலா அவளைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். தமிழுக்கு உட்கார்ந்தால் வேலையில் இருப்பவர் ஆகிவிடுவாய், தீர்மானத்தைப் பற்றிப் பேச முடியாது, கை தூக்கவும் முடியாது என்பதையும் சொன்னார். முதலில் பேசிவிட்டு அப்புறம் உட்காரட்டுமே என்றேன் நான். ஒரு பக்கம் பேசிவிட்டு நடுவில் உட்கார முடியாது என்றார் நிர்மலா. அப்படியானால் தமிழுக்கு நான் உட்காருகிறேன் என்று எழுந்தேன். பயிற்சி இல்லாத ஒருவரை வைத்துப் பட்டது போதும் என்று அவர் சொல்லவில்லை, காலியான உதயகுமாரின் நாற்காலியை மட்டும் பார்த்தார்.

"முடியாதுன்னு சொல்லு சொர்ணா" என்றேன்.

அவள் கௌரம்மாவையும் பக்கத்தில் இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு மூன்றாம் வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இதை நான்தாங்க கேட்டு வாங்கினேன். நானே விட்டுட்டா அவங்க மறுபடியும் பிஸ்கட் தின்னுட்டுத்தான் போகணும்" என்றாள். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தீர்மானத்தை ஆதரித்துச் சிலர் பேசினார்கள், எதிர்த்துச் சிலர் பேசினார்கள். சொர்ணலதா எல்லாவற்றையும் மெதுவான குரலில் தமிழாக்கிக்கொண்டே வந்தாள். எதிர்த்தவர்கள் யாரும் அவள் வைத்திருந்த வாதத்தின் கிட்டேகூடப் போகவில்லை. ஒருவர் பஸ் செலவைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் அவருக்கும் நிர்மலாவுக்கும் இருந்த பழைய தகராறைப் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கௌரம்மா கை தூக்கினார். சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நிர்மலா ரொம்ப மகிழ்ந்துபோய் மைக்கை அவருக்கும் சொர்ணலதாவுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார்.

"என்ற மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தாங்க" என்று தொடங்கினார் கௌரம்மா. "அவ என்னைப் பார்த்து வேண்டாம்னு கையில சொன்னா. ஒரு தடவை இல்லீங், மூணு தடவை சொன்னா. வந்தவிக என்ன சொல்லுது பொண்ணுன்னு கேட்டாங்க. வெக்கப்படறா, சம்மதம்னு நான் சொல்லிப்போட்டனுங். நாலு பேருக்கு முன்னால வேற என்ன சொல்றதுன்னு தெரியல. கட்டி வெச்சோம். இப்ப திரும்பி வந்து வீட்ல இருக்கறா. என்கூடப் பேசறதில்லை. நான் கையெடுத்தா மொகத்தைத் திருப்பிக்கறா. பெத்தவிக வாயா இருக்கக் கூடாதுங். இந்தச் சட்டம் வரட்டும்."

சொர்ணலதா அதைக் கன்னடத்தில் சொன்னாள். சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல், 'நான்' என்று. அவள் மூன்று தடவை வேண்டாம் என்றாள். வெட்கப்படுகிறாள், சம்மதம் என்று நான் சொல்லிவிட்டேன். இந்தச் சட்டம் வரட்டும். கடைசி வரியையும் விடாமல் சொன்னாள். எனக்குப் பின்னால் தாமதமாக வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள், இவள் தன் அம்மாவுக்கா அப்படிச் செய்தாள் என்று பக்கத்தில் கேட்டார். திரும்பி முறைத்தேன்.

என் மாமியார் மேடையில் சக்தி காட்டிய சைகையைப் பார்த்தார்; அது அவருக்குப் பாதிதான் பிடிபடும். கண் நிறைய நீரோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி என்னவென்று கேட்டார். எனக்கு அழுகை வரும்போலிருந்தது. கையை விரித்தேன்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஒரே ஒரு கை கூடுதலாகத் தீர்மானம் நிறைவேறியது. சமமாக வந்தால் தீர்மானம் விழும் என்பது அங்கே வழக்கம். கூட்டத்தில் மற்றவர்களின் கை மேலே போனபோது சொர்ணலதா தமிழில் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்கக் கையால் பிழைத்தவள். அன்றைக்கு அவள் கைக்கு ஒரு வேலையும் இல்லை, மடியில் சும்மாதான் கிடந்தது. அதைத் தூக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் கௌரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, நான் சொன்னதை அப்படியே சொன்னியா?"

"அப்படியே சொன்னேன் அக்கா."

"உனக்கு இதுல வேற நெனப்பு இருந்துச்சுன்னு உன்ற வீட்டுக்காரரு மொகத்தைப் பார்த்தாத் தெரியுது. இருந்தும் சொன்னியே" என்றார். சொர்ணலதா தலையை ஆட்டினாள்.

ஆட்டோவில் வீடு வரும்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். சங்கத்தைத் திட்டினேன், உதயகுமாரைத் திட்டினேன், கடல் கடந்து அந்த ஸ்பானிஷைக்கூடத் திட்டினேன். "நீ செஞ்சது சரியா சொல்லு" என்று அவளையும் விரட்டினேன்.

"தெரியல" என்றாள். "கௌரம்மாக்கா சொன்னதும் சரியா இருக்கு. நான் சொல்ல இருந்ததும் சரியா இருக்கு. ரெண்டும் சரின்னா எப்படிங்க?" ஆட்டோக்காரர் எந்தச் சந்து என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குச் சங்கம் அனுப்புவதாகச் சொன்னது சக்தியைத்தான். அந்தப் பெண் முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, அம்மாவோட கொஞ்ச நேரம் உட்கார்ந்து கை பழகிக்கறேன்" என்றாள். வலிக்கு என்ன, நேற்றுக்கு என்ன, தலைசுற்றலுக்கு என்ன என்று மாமியாரிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மாமியாருக்கு ஒரே கொண்டாட்டம். புது ஆள் ஒருத்தி தன் கையை இவ்வளவு உற்றுப் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. தோசைமேல் தோசையாக ஊற்றிக் கொடுத்தார். சொர்ணலதா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சக்தி ஒரு சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டபோது அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததை நான் கவனித்தேன்.

வியாழக்கிழமை டாக்டர் அறைக்குள் மூன்று நாற்காலிதான். மாமியாரும் சொர்ணலதாவும் பக்கத்துப் பக்கத்தில், அவர்களுக்கு எதிரே டாக்டரம்மா, டாக்டருக்குப் பக்கத்தில் சக்தி நின்றாள். நான் கதவோரம், மாமியாரின் முதுகுக்குப் பின்னால். டாக்டரம்மா வயிற்றுவலியைப் பற்றிக் கேட்டார். சக்தி அதைக் கையால் கேட்டாள். மாமியாரின் தோள்கள் அசைந்தன. சக்தி கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"வலி மட்டும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு ரத்தம் போகிறது."

சொர்ணலதா வெடுக்கென்று அம்மா பக்கம் திரும்பினாள். அவள் மாத்திரை வாங்கப் போன ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் சொன்னது வயிற்றுவலி மட்டும்தான். அம்மா அவளிடம் சொன்னதும் அது மட்டும்தான். நான் வெளியே போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார், இதை ஏன் இத்தனை நாளாக மகளிடம் சொல்லவில்லை என்று. என் மாமியார் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் கொண்டுபோய் எதையோ சுமப்பதுபோல் வைத்தார். சக்திக்கு விளங்கவில்லை, மறுபடியும் காட்டச் சொன்னாள். சொர்ணலதாவுக்கு விளங்கிவிட்டது, தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த ஒரு சைகை எனக்கும் தெரியும். கலவைச் சட்டி சுமந்த என் மாமனாரை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். மாமியார் கழுத்தில் தாலி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடியும் சட்டியைச் சுமந்தார்.

"என் புருஷன்" என்றாள் சக்தி. அதன் பிறகு அவள் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள், சில இடங்களில் திரும்பக் கேட்டுச் சொன்னாள். "என் புருஷன் சாரத்திலிருந்து விழுந்தபோது நானும் என் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார். அப்போது அவளுக்குப் பத்து வயசு. அவள் என் பக்கம் திரும்பினாள். கை எழவில்லை. டாக்டர் மறுபடியும் ஏதோ சொன்னார். பிறகு அவள் எனக்குச் சொன்னாள், அப்பா செத்துவிட்டார் என்று. அழாமல் சொன்னாள். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் எனக்குச் சேதி பாதியில் நின்றுவிடும் என்று அழாமல் சொன்னாள். அன்றைக்கு நான் முடிவு பண்ணிவிட்டேன். இனிமேல் ஒரு கெட்ட சேதியை இவள் வாயால் சொல்ல வைக்கமாட்டேன் என்று."

டாக்டரம்மா பேனாவை மூடினார், திரும்பவும் திறந்தார். சொர்ணலதா தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி, அம்மாவிடம் ஏதோ சொல்ல எடுத்தாள். என்ன சொல்லப் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் மாமியார் அந்த இரண்டு கையையும் பிடித்து அவள் மடியில் இறக்கி, கொஞ்ச நேரம் அமுக்கி வைத்துக்கொண்டார். பேசுவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டுமே. மெல்ல விடுவித்துக்கொண்டு, சக்தியின் பக்கம் திரும்பி, எங்கெங்கே வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.